தண்டுவட மின்தூண்டல்: முதுகு அறுவைக்குப் பிறகும் விடாத கால்வலிக்கு ஒரு முழு வழிகாட்டி

முதுகில் அறுவை செய்துகொள்வதற்கு முன் என் அக்காவால் நின்றபடி நான்கு தோசை வார்க்க முடிந்தது. அறுவைக்குப் பிறகு மூன்று. கீழ்முதுகில் நான்காவது, ஐந்தாவது எலும்புகளைத் திருகாணி போட்டு இணைத்திருந்தார்கள். காயம் ஆறியது. எக்ஸ்ரேயில் திருகாணிகள் வரிசை குலையாமல் நின்றன. “எல்லாம் நன்றாக இருக்கிறது” என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்பினார்கள். இடது புட்டத்திலிருந்து கணுக்கால் வரை இறங்கும் எரிச்சல் மட்டும் போகவில்லை. இரண்டரை ஆண்டு கழித்துத்தான், தண்டுவடத்துக்கு மின்துடிப்பு அனுப்பி வலியைத் தணிக்கும் ‘ஸ்பைனல் கார்ட் ஸ்டிமுலேட்டர்’ என்ற கருவியின் பெயர் எங்கள் காதில் விழுந்தது.

நான் மருத்துவர் அல்லன். ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூடவே போன தம்பி. அந்த அலைச்சலில் கற்றதையும், பிறகு ஆய்வுகளைத் தேடிப் படித்ததையும் வரிசைப்படுத்தி எழுதுகிறேன். இந்தச் சிகிச்சையில், கருவியை நிரந்தரமாகப் பொருத்துமுன் தற்காலிகமாக வைத்துப் பார்க்கும் சோதனைக் காலம் என்று ஒரு வாரம் வரும். அந்த வாரத்தை ஒழுங்காகப் பயன்படுத்தினால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். பலரும் அதை வீணடித்துவிடுகிறார்கள்.

முதல் படி: வலி எந்த வகை என்று பிரித்தறியுங்கள்

அறுவை முடிந்து மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்று வகைப்படுத்துகிறார்கள். முதுகைப் பொறுத்தவரை இதற்கு நெடுங்காலம் ‘தோற்ற முதுகு அறுவை’ என்ற பொருளில் ஒரு பெயர் வழங்கிவந்தது. அறுவை சரியாக நடந்தவர்களுக்கும் இது வருகிறது என்பதால் 2021இல் ‘தொடர் முதுகுத்தண்டு வலி’ என்ற பொருள்படும் பெயரைப் பரிந்துரைத்தார்கள்.

மின்தூண்டல் நன்றாகக் கேட்பது நரம்பு வலிக்கு. எரிச்சல், ஷாக் அடித்தாற்போல் வெட்டி இழுப்பது, ஊசி குத்தல், மரத்துப்போன இடத்திலேயே வலிப்பது, புடவை கரை உரசினாலே சுரீர் என்பது ஆகியவை நரம்பு வலியின் அடையாளங்கள். குனிந்தால் பிடிப்பது, திரும்பினால் ஓரிடத்தில் மட்டும் வலிப்பது போன்றவை பெரும்பாலும் மூட்டு, தசை சார்ந்தவை. அவற்றுக்கு வேறு வைத்தியம். டிஎன்4 என்ற பத்து மதிப்பெண் கேள்வித்தாள் ஒன்று உண்டு. நான்கும் அதற்கு மேலும் வந்தால் நரம்பு வலியாக இருக்கலாம் என்று கொள்வார்கள். அக்காவுக்கு ஏழு வந்தது.

இதோடு புதிய எம்ஆர்ஐ ஒன்று எடுத்தாக வேண்டும். டிஸ்க் மறுபடி பிதுங்கியிருக்கிறதா, திருகாணி தளர்ந்ததா, நரம்புப் பாதை சுருங்கியிருக்கிறதா, உள்ளே கிருமித்தொற்று இருக்கிறதா என்று பார்க்காமல் யாராவது நேரே மின்தூண்டலுக்குப் போகலாம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். சரிசெய்யக்கூடிய கோளாறை அப்படியே விட்டுவிட்டு வலியை மட்டும் மறைப்பது ஆபத்து.

சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போவது, அல்லது சிறுநீர் வராமல் அடைபடுவது, தொடை இடுக்கு மரத்துப்போவது, பாதம் திடீரென்று தொங்கிவிடுவது, முதுகு வலியோடு காய்ச்சல் ஆகியவை அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டிய அறிகுறிகள்.

இரண்டாம் படி: மற்ற வழிகளைப் பார்த்து முடித்தீர்களா?

எந்தச் சிகிச்சையை யாருக்குத் தரலாம் என்று பரிந்துரைக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2008இல் வகுத்த அளவுகோல் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. நரம்பு வலிக்கு முறையான சிகிச்சை எடுத்தும் ஆறு மாதங்களாவது வலி நீடித்திருக்க வேண்டும். ஒரு முனை வலியே இல்லை, மறுமுனை தாங்க முடியாத வலி என்று வைத்து நோயாளியே குறிக்கும் நூறு மில்லிமீட்டர் வலிக்கோட்டில் அது ஐம்பதுக்குக் குறையக் கூடாது. சோதனைக் கட்டத்திலும் தேற வேண்டும்.

முறையான சிகிச்சை என்றால் ப்ரீகாபலின், காபாபென்டின், டுலாக்சடின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகளை உரிய அளவில், உரிய காலம் எடுத்துப் பார்த்திருப்பது, பிசியோதெரபி, தேவைப்பட்டால் முதுகில் ஊசி. இரண்டு நாள் மாத்திரை போட்டு, தலை சுற்றுகிறது என்று நிறுத்தியதெல்லாம் கணக்கில் வராது. எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம், ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் ஃபைலில் நாற்பது சீட்டுகள் இருந்தன. மருத்துவர் படித்தது இந்த ஒரு தாளைத்தான்.

மறுபடி அறுவை செய்துகொள்ளலாமா என்ற கேள்வியும் எழும். அமெரிக்காவில் நார்த் என்ற நரம்பியல் அறுவை நிபுணரின் குழு 2005இல் வெளியிட்ட சிறிய ஆய்வு இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. மின்தூண்டல் பெற்ற 19 பேரில் 9 பேருக்கும், மறு அறுவை செய்துகொண்ட 26 பேரில் 3 பேருக்கும் மட்டுமே பலன் கிடைத்தது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும் இரண்டாம் முறை கத்தி வைக்குமுன் யோசிக்க அது போதும்.

மூன்றாம் படி: கருவி என்ன செய்கிறது, எவ்வளவு செய்கிறது

காலில் இடித்துக்கொண்டால் உடனே தேய்த்துவிடுகிறோம். வலி சற்றுத் தணிகிறது. தொடு உணர்வைக் கொண்டுபோகும் பருத்த நரம்பிழைகள் சுறுசுறுப்பானால், வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகளுக்குத் தண்டுவடத்தில் வாசல் அடைபடுகிறது என்று 1965இல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். இரண்டே ஆண்டில், 1967இல், நார்மன் ஷீலி என்ற அமெரிக்க அறுவை நிபுணர் புற்றுநோய் வலியில் இருந்த ஒருவரின் முதுகில் மின்முனை ஒன்றை வைத்துப் பார்த்தார். (முதல் நூற்றாண்டு ரோமாபுரியில் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் என்ற வைத்தியர் உயிருள்ள மின்திருக்கை மீனைத் தலைவலிக்கும் கால்வாதத்துக்கும் வைக்கச் சொன்னார். அன்றைய நோயாளிகள் நம்மைவிடத் தைரியசாலிகள்.)

இன்றைய கருவியில் இரண்டு பாகங்கள். தண்டுவட உறைக்கு வெளியே, எபிடியூரல் வெளியில் கிடக்கும் மெல்லிய மின்கம்பி ஒன்று; அதை ‘லீட்’ என்பார்கள். இடுப்புக்குக் கீழோ வயிற்றுப் பக்கத்திலோ தோலுக்கடியில் வைக்கும் பேட்டரி மற்றொன்று. பழைய முறையில் நொடிக்கு நாற்பது, அறுபது துடிப்புகள் போகும். வலித்த இடத்தில் குறுகுறுப்புத் தெரியும். நொடிக்குப் பத்தாயிரம் துடிப்புகள் விடும் முறையில் குறுகுறுப்பே தெரியாது. கொத்துக் கொத்தாகத் துடிப்பு விடும் முறை மூன்றாவது. எது உங்களுக்கு ஒத்துப்போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பலன் எவ்வளவு? 2007இல் வெளியான ‘ப்ராசஸ்’ ஆய்வில் 100 பேர். ஆறாவது மாதத்தில் கால்வலி பாதியாவது குறைந்தவர்கள் மின்தூண்டல் பிரிவில் 48 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற பிரிவில் 9 சதவீதம். அதே ஆய்வில், கருவி வைத்தவர்களில் 32 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் கருவி தொடர்பான ஏதோ ஒரு சிக்கல் வந்தது. முதல் எண்ணைச் சொல்பவர்கள் இரண்டாவதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

எதிர்த்தரப்பும் இருக்கிறது. 2022இல் நார்வேயில் கருவி பொருத்திய 50 பேருக்குக் கொத்துத் துடிப்பைச் சில மாதங்கள் ஓடவிட்டும், சில மாதங்கள் அவர்களுக்குத் தெரியாமல் நிறுத்தியும் பார்த்தார்கள். அன்றாட முடக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அவர்கள் பயன்படுத்திய துடிப்பு அமைப்பு நடைமுறையில் உள்ளதல்ல என்று மறுப்பு எழுந்தது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு, 2023இல் 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து வெளியிட்ட மதிப்பாய்வும் கீழ்முதுகு வலிக்கு இதன் பலனைச் சந்தேகித்தது. நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: முதுகைவிடக் காலில் கூடுதலாக வலிப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். வலி முற்றாகப் போகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாதி குறைந்தாலே அதை வெற்றி என்றுதான் எழுதுகிறார்கள்.

நான்காம் படி: தயாரிப்பு

மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொல்வார்கள். “எனக்கென்ன பைத்தியமா?” என்று அக்கா கோபித்துக்கொண்டாள். தீராத மனச்சோர்வும் தூக்கமின்மையும் இருந்தால் கருவியின் பலன் குறைகிறது. அதை முன்பே கவனிக்கத்தான் இந்தச் சந்திப்பு. வலி பொய் என்று யாரும் சொல்லவில்லை. அரை மணிநேரப் பேச்சுக்குப் பிறகு அக்கா வெளியே வந்து, “வலியைப் பற்றிக் குறுக்கே பேசாமல் கேட்ட முதல் ஆள்” என்றாள்.

சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும். புகை நிறுத்த வேண்டும். பல்லிலோ சிறுநீரிலோ தோலிலோ தொற்று இருந்தால் அது தீர்ந்த பிறகுதான் தேதி. ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்துகளை எப்போது நிறுத்துவது என்பதை இதய மருத்துவரும் வலி மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். க்ளோபிடோக்ரலை வழக்கமாக ஏழு நாள் முன்பும், வார்ஃபரினை ஐந்து நாள் முன்பும் நிறுத்துகிறார்கள். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் தாமாக ஒரு மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. பேஸ்மேக்கர் இருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள்.

பண விஷயத்தையும் இப்போதே கேட்டுவிடுங்கள். இந்தியாவில் நிரந்தரக் கருவி பல லட்ச ரூபாய் செலவு. சோதனைக்கும் பொருத்தலுக்கும் தனித்தனி பில்லா, சோதனை லீட்டையே பிறகு பயன்படுத்துவார்களா, தூக்கி எறிவார்களா, காப்பீடு எதை ஏற்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனம் ஒன்று எங்களிடம் போனில் சரி என்று சொல்லிவிட்டுக் கடிதத்தில் இல்லை என்றது. இன்னொன்றையும் கேளுங்கள். கருவியின் அமைப்பை மாற்ற வருபவர் பெரும்பாலும் நிறுவனத்தின் பொறியாளர். இரண்டு ஆண்டு கழித்து உங்கள் ஊர்ப் பக்கம் அவர் வருவாரா, நீங்கள் நகரத்துக்குப் போக வேண்டுமா?

ஐந்தாம் படி: சோதனை வாரம்

அதற்கு முந்தைய வாரமே நோட்டுப் போடுங்கள். பத்துக்கு எத்தனை வலி என்ற எண்ணை மட்டும் எழுதாதீர்கள். எண் மனநிலையோடு ஆடும். உங்கள் வாழ்க்கையிலிருந்து மூன்று வேலைகளைத் தேர்ந்தெடுத்து அவற்றை அளந்து எழுதுங்கள். அக்கா எழுதியவை: நின்று வார்க்கும் தோசை எத்தனை, தெருமுனைக் கடைக்குப் போய்வர எத்தனை இடத்தில் உட்கார்ந்தாள், இரவில் எத்தனை முறை விழித்தாள். முந்தைய வாரச் சராசரி மூன்று தோசை, இரண்டு இடம், ஐந்து முறை.

சோதனை நாளன்று குப்புறப் படுக்கவைத்து வயிற்றுக்கடியில் தலையணை கொடுக்கிறார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, லேசான மயக்கம் தருகிறார்கள். பழைய தழும்புக்கு மேலே, நெஞ்சு முதுகெலும்புகள் முடிந்து இடுப்பு தொடங்கும் பகுதியில் ஊசியை நுழைத்து, சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே லீட்டை மேலே ஏற்றுகிறார்கள். கால்வலிக்கும் முதுகு வலிக்கும் அதன் நுனி எட்டாவது, ஒன்பதாவது நெஞ்சு முதுகெலும்பின் பின்னால் போய் நிற்கும். குறுகுறுப்புத் தரும் முறை என்றால் அந்த நேரத்தில் உங்களை எழுப்பிக் கேட்பார்கள்.

“அம்மா, இப்போது எங்கே தெரிகிறது?”

“வலது தொடையில்.”

“இப்போது?”

“இரண்டு காலிலும். இல்லை, இடது முழங்காலுக்குக் கீழே. அங்கேதான், அங்கேயேதான்.”

இந்தப் பதில்களை அக்கா மூன்று நாள் முன்பே ஒத்திகை பார்த்திருந்தாள். காலின் படம் வரைந்து, வலிக்கும் இடத்தைச் சிவப்புப் பேனாவால் தீட்டிக் கொண்டுபோயிருந்தாள். அரை மயக்கத்தில் ‘எங்கேயோ ஒரு மாதிரி’ என்று சொன்னால் லீட் தவறான இடத்தில் நின்றுவிடும். குறுகுறுப்பு தெரியாத முறையில் இந்தக் கேள்வி பதில் கிடையாது. எலும்பைப் பார்த்தே இடம் குறிப்பார்கள்.

லீட்டின் மறுமுனை வெளியே வந்து, முதுகில் பிளாஸ்திரியோடு ஒட்டிய சிறு கருவியில் சேரும். அன்றோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்புவார்கள். சோதனை பொதுவாக மூன்று முதல் பத்து நாள். குளியல் கிடையாது, ஈரத் துணியால் துடைத்துக்கொள்ள வேண்டும். குனிவது, முறுக்குவது, கையைத் தலைக்கு மேல் தூக்குவது மூன்றும் கூடாது. சோதனை லீட் உள்ளே உறுதியாகப் பிடித்திருப்பதில்லை.

இரண்டாம் நாள் அக்கா மல்லாந்து படுத்தவுடன் “கால் முழுக்கச் சுர்ரென்று ஏறுகிறது” என்று அலறினாள். நான் பயந்து போன் செய்தேன். படுக்கும்போது தண்டுவடம் புவியீர்ப்பால் லீட்டை நோக்கி நகர்கிறது, அதனால் அதே அளவு மின்சாரமே பலமாகத் தெரியும். படுக்கும் முன் அளவைக் குறைத்துவிடுங்கள் என்றார்கள். ரிமோட்டில் இரண்டு படி குறைத்ததும் சரியானது. இதை வீட்டுக்கு அனுப்பும் முன்பே சொல்லியிருக்கலாம்.

நான்காம் நாள் அக்கா பரணிலிருந்த குக்கரை எட்டி எடுத்தாள். குறுகுறுப்பு காலைவிட்டு விலா எலும்புக்கு வந்துவிட்டது. லீட் நகர்ந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். பொறியாளர் வேறு மின்முனைகளுக்கு மாற்றிப் பாதி மீட்டார். நல்லவேளை, அதற்குள் மூன்று நாள் கணக்கு நோட்டில் ஏறியிருந்தது: பதினொரு தோசை, கடைக்குப் போக ஓரிடத்திலும் உட்காரவில்லை, இரவில் இரண்டு முறை.

சோதனைக்காக வீட்டிலேயே படுத்திருக்கிறவர்கள் உண்டு. எதையும் செய்யாமல் கிடந்தால் யாருக்கும் வலி குறையும். அது கருவியின் புண்ணியம் அல்ல. முதல் நாள் உற்சாகத்தையும் கழித்துப் பாருங்கள். கடைசி இரண்டு நாள் என்ன சொல்கிறது என்பதே கணக்கு. நிரந்தரக் கருவி வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் சோதனை தோற்றதாகாது. சில லட்சம் மிச்சம். சோதனை செய்தவர்களுக்கும் நேரடியாகப் பொருத்திக்கொண்டவர்களுக்கும் ஆறு மாதத்தில் வலி வேறுபாடு இல்லை என்று ஒரு பிரிட்டன் ஆய்வு சொன்னது. அரசே செலவு செய்யும் நாட்டில் அது பொருந்தலாம். கைக்காசு போடும் நமக்கு இந்த வாரம் தேவை என்பது என் கருத்து.

அந்த வாரத்தில் உடனே போன் செய்ய வேண்டியவை: காய்ச்சல், ஊசி போட்ட இடத்தில் சீழோ சிவப்போ, உட்கார்ந்தால் ஏறிப் படுத்தால் இறங்கும் தலைவலி. முதுகில் கடும் வலியோடு கால்கள் பலமிழந்தால் போன் வேண்டாம், வண்டியைக் கூப்பிடுங்கள். உள்ளே ரத்தம் கட்டி நரம்பை அழுத்துவதாக இருக்கலாம். மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

ஆறாம் படி: நிரந்தரமாகப் பொருத்துவது

வலி பாதியாவது குறைந்து, உங்கள் மூன்று அளவுகளும் மேம்பட்டிருந்தால் சில வாரம் கழித்துத் தேதி கொடுப்பார்கள். அறுவை ஒன்றிரண்டு மணி நேரம். பேட்டரி எந்தப் பக்கம் என்பதை முன்பே பேசுங்கள். எந்தப் பக்கம் சரிந்து தூங்குகிறீர்கள், புடவையோ பேன்ட்டோ இடுப்பில் எங்கே இறுகுகிறது, எந்தப் பக்கம் பை மாட்டுகிறீர்கள்? பாவாடை நாடாவை எங்கே கட்டுவாள் என்று பேனாவால் குறித்துக்கொண்டு போனோம். அந்தக் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே வைத்தார்கள்.

சார்ஜ் செய்யும் பேட்டரி பத்தாண்டு அளவில் உழைக்கும். சார்ஜ் தேவையில்லாதது சில ஆண்டுகளில் தீர்ந்து, மாற்ற மறுபடி சிறு அறுவை வேண்டியிருக்கும். மறதி உள்ள பெரியவர்களுக்கு இரண்டாவதே நல்லது.

முதல் ஆறு முதல் எட்டு வாரம் குனியாமல், முறுக்காமல், கனம் தூக்காமல் இருக்க வேண்டும். குடம், அரிசி மூட்டை, பேரக்குழந்தை எல்லாம் கனம்தான்.

ஏழாம் படி: கருவியோடு வாழ்வது

அடையாள அட்டையை எப்போதும் பர்ஸில் வையுங்கள். விமான நிலைய மெட்டல் டிடெக்டரில் கருவி ஒலி எழுப்பும். நுழையுமுன் அட்டையைக் காட்டுங்கள். குறுகுறுப்பு தரும் முறையில் இருப்பவர்கள் வண்டி ஓட்டும்போது கருவியை நிறுத்திவிட வேண்டும். இண்டக்ஷன் அடுப்பு ஓடும்போது பேட்டரிப் பக்கத்தை அதன்மேல் ஒட்டி நிற்காதீர்கள். எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் உங்கள் மாடலுக்கு எது அனுமதி என்று பார்த்து, கருவியை அதற்குரிய நிலைக்கு மாற்றிய பிறகே எடுக்க வேண்டும்.

மிக முக்கியமானது பிசியோதெரபி நிலையங்களில் இருக்கும், உடலுக்குள் சூடேற்றி வலி தணிக்கும் ‘டயதெர்மி’. தோள்வலி, முழங்கால்வலி என்று போனால் வழக்கமாக வைத்துவிடுவார்கள். கருவி உள்ளவர்களுக்கு அது முழுத் தடை. லீட் சூடாகித் தண்டுவடத்தையே சுட்டுவிடலாம். கருவியை நிறுத்தி வைத்திருந்தாலும் தடைதான். வேறு எந்த அறுவைக்குப் போனாலும், உடலில் இந்தக் கருவி இருப்பதை அறுவை நிபுணரிடம் முன்பே சொல்லுங்கள்; ரத்தக் கசிவை நிறுத்த மின்சாரத்தால் சுடும் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று அவர் முடிவு செய்ய வேண்டும்.

வலி மாத்திரைகளை ஒரே நாளில் தூக்கிப் போடாதீர்கள். ப்ரீகாபலினைச் சட்டென்று நிறுத்தினால் தூக்கம் கெடும், பதற்றம் வரும். மருத்துவர் சொல்லும் அட்டவணைப்படி படிப்படியாகக் குறைய வேண்டும்.

பலன் குறைந்தால்

சிலருக்கு ஒன்றிரண்டு ஆண்டுகளில் உடல் பழகிப்போய்ப் பலன் தேயும். அமைப்பை மாற்றுவது, துடிப்பு முறையை மாற்றுவது, சில வாரம் நிறுத்திவைத்துத் தொடங்குவது என்று வழிகள் உண்டு. ஒன்றும் நடக்காவிட்டால் கருவியை எடுத்துவிடலாம். தொற்று உள்ளே இறங்கினால் எடுத்தே ஆக வேண்டும்.

திடீரென்று நின்றுபோனால் வரிசையாகப் பாருங்கள். முதலில் ரிமோட்டில் பேட்டரி அளவு. பிறகு, கருவி தெரியாமல் அணைந்திருக்கிறதா? பிறகு, விழுந்தீர்களா, எதையாவது எட்டி எடுத்தீர்களா? அதற்குப் பிறகுதான் எக்ஸ்ரே. புதிய எக்ஸ்ரேயை ஒப்பிட, கருவி பொருத்திய அன்று எடுத்த முதல் எக்ஸ்ரே வேண்டும். மருத்துவமனை வைத்திருக்கும் என்று நம்பாமல் ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அக்காவுடையது பீரோவில், வீட்டுப் பத்திரத்தோடு ஒரே உறையில் இருக்கிறது. குக்கர் பரணிலிருந்து இறங்கி மேடைக்கு வந்துவிட்டது.